ஒரு கோப்பு இந்த நாளுக்குள் இருந்தது என்று நிறுவுவது எப்படி: பிளாக்செயின் நேரமுத்திரைக்கு ஒரு வழிகாட்டி

வாடகை வீட்டைக் காலி செய்த நாளில், சமையலறைத் தொட்டிக்குக் கீழே சுவரில் இருந்த ஈரக்கறைக்காக என் முன்பணத்தில் ஒரு தொகையை வீட்டு உரிமையாளர் பிடித்துக்கொண்டார். அந்தக் கறை நான் குடிவந்த நாளிலேயே இருந்தது. அன்றே அதைப் படமெடுத்தும் வைத்திருந்தேன். படத்தைக் காட்டியபோது அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “இதை எப்ப எடுத்தீங்கன்னு யாருக்குத் தெரியும் தம்பி? தேதியெல்லாம் இப்ப மாத்திடலாமே.” அவர் சொன்னது சரிதான். படக்கோப்புக்குள் பதிந்திருக்கும் தேதியை இலவச மென்பொருள் ஒன்றைக் கொண்டு யாரும் மாற்றிவிடலாம். கைப்பேசியின் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிவைத்துவிட்டுப் படமெடுத்தால் அதுகூடத் தேவையில்லை. என்னிடம் படம் இருந்தது, ஆனால் அது எப்போதிருந்து இருக்கிறது என்பதற்கு என் வாய்ச்சொல்லைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

அந்த ஓட்டையை அடைக்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். படமோ ஒப்பந்த வரைவோ ஒலிப்பதிவோ எழுதி முடித்த நாவலோ, கணினிக் கோப்பாக இருக்கும் எதுவும் குறிப்பிட்ட ஒரு நாளுக்குள் இருந்தது என்பதையும், அதன்பிறகு அதில் ஓர் எழுத்துகூட மாறவில்லை என்பதையும், பிட்காயின் என்ற மின்னணு நாணயத்தின் பிளாக்செயினை, அதாவது அதன் பரிவர்த்தனைகள் எல்லாம் பதிவாகிப் பலருடைய கணினிகளில் பிரதியாக இருக்கும் பொதுப் பேரேட்டை, சாட்சியாக வைத்து யாருக்கும் காட்ட முடியும். அதற்குப் பிட்காயின் வாங்க வேண்டியதில்லை, அதை வைத்துக்கொள்ள வாலட் (மின்பணப்பை) திறக்க வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. நான் பயன்படுத்துவது ஓப்பன்டைம்ஸ்டாம்ப்ஸ் என்ற திறந்தமூல முறை. பிட்காயின் மென்பொருளில் பங்களித்த பீட்டர் டாட் 2016இல் அதை அறிமுகப்படுத்தினார். இதே வேலையைச் செய்து தருவதாகச் சொல்லும் கட்டணச் சேவைகளும் உண்டு. ஆனாலும் புதியவர்கள் இதிலிருந்து தொடங்குவதே நல்லது என்பேன், ஏனென்றால் இதில் நடக்கும் ஒவ்வொன்றையும் நீங்களே திறந்து பார்த்துச் சரிபார்க்கலாம். சேவையை நடத்துபவர் நாளை கடையைக் கட்டிவிட்டாலும் முழுமைபெற்று உங்கள் கையில் இருக்கும் சான்று செல்லும்.

அடியில் நடப்பது என்ன

சுருள்வில்லின் நீட்சிக்கும் விசைக்கும் உள்ள உறவைக் கண்டறிந்த ராபர்ட் ஹூக்குக்கு அதை உடனே வெளியிடவும் மனமில்லை, முதலில் கண்டது தானே என்ற உரிமையை விட்டுவிடவும் மனமில்லை. ஆகவே 1676இல் அந்த விதியைச் சொல்லும் லத்தீன் வாக்கியத்தின் எழுத்துகளைப் பிரித்து, அகரவரிசையில் அடுக்கி அச்சிட்டார். 1678இல் வாக்கியத்தை வெளியிட்டபோது எழுத்துகள் பொருந்தின; இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அவருக்கு அது தெரிந்திருந்தது என்பதை ஒப்புக்கொள்வதைத் தவிர மற்றவர்களுக்கு வழியில்லை. பொருளை வெளியே சொல்லாமல் அதன் அடையாளத்தை மட்டும் முன்கூட்டியே பொதுவில் வைத்துவிடுவது என்ற இந்த உத்திதான் இன்றைய நேரமுத்திரைக்கும் அடிப்படை.

கலைத்துப்போட்ட எழுத்துகளின் இடத்தில் இன்று இருப்பது ஹாஷ். எஸ்.எச்.ஏ-256 என்ற கணக்கு முறைக்குள் எவ்வளவு பெரிய கோப்பைச் செலுத்தினாலும் 64 குறிகள் கொண்ட ஒரு வரி வெளியே வரும். ஒரே கோப்புக்கு எந்தக் கணினியிலும் எப்போதும் அதே வரிதான் வரும். கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் வரி முழுவதும் வேறாகிவிடும். வரியை வைத்துக்கொண்டு கோப்பைத் திரும்ப உருவாக்க முடியாது. அதே வரியைத் தரும் வேறொரு கோப்பை வேண்டுமென்றே தயாரிக்கவும் இன்றுவரை யாராலும் முடியவில்லை. பழைய முறைகளுக்கு அந்தப் பலம் இல்லை. எம்.டி.5 முறையில் ஒரே ஹாஷ் தரும் இரு வேறு கோப்புகளை 2004இலேயே ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள், எஸ்.எச்.ஏ-1 முறையை 2017இல் ஆம்ஸ்டர்டாமின் ஆய்வு மையம் ஒன்றும் கூகுளும் சேர்ந்து உடைத்துக் காட்டின. எந்தக் கருவியாவது அவ்விரண்டில் ஒன்றைத் தந்தால் ஏற்காதீர்கள்.

ஹாஷ் ஒன்று தயார். அதைப் பின்தேதியிட முடியாத ஓர் இடத்தில் வைக்க வேண்டும். 1991இல் ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா என்ற இரு ஆய்வாளர்கள், ஆவணங்களின் ஹாஷ்களை ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோத்துவிட்டால் நடுவில் எதையும் செருக முடியாது என்று எழுதினார்கள். அவர்கள் தொடங்கிய நிறுவனம் 1995 முதல் அந்தச் சங்கிலியின் ஹாஷை வாரந்தோறும் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் வரிவிளம்பரப் பகுதியில் வெளியிட்டு வந்தது. அச்சாகி வீடுவீடாகப் போய்ச் சேர்ந்துவிட்ட நாளிதழை யாராலும் திருத்த முடியாதல்லவா. சதோஷி நகமோட்டோ 2008இல் வெளியிட்ட பிட்காயின் கட்டுரை சுட்டும் எட்டு மேற்கோள்களில் மூன்று இவர்களுடைய ஆய்வுகளே. பணம் அனுப்பும் கருவியாக மட்டுமே பிளாக்செயினை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். ஆனால் ஆவணத்துக்கு நேரமுத்திரையிடும் எண்ணமே அதற்கு முந்தியது.

முத்திரையிடும் முன் தெளிய வேண்டியது

இந்தப் பகுதியைத் தாண்டிச் சென்றுவிடாதீர்கள். புதியவர்கள் ஏமாறுவதும், பிறரைத் தம்மையறியாமல் ஏமாற்றுவதும் இங்கேதான்.

நேரமுத்திரை சொல்வது ஒன்றே ஒன்று: இந்தப் பைட்டுகள் இந்த நேரத்துக்குள் இருந்தன. படத்தில் இருப்பது உண்மையா என்று அதற்குத் தெரியாது. பொய்யான ரசீதுக்கும் அதே முத்திரைதான் விழும். கோப்பை யார் உருவாக்கினார் என்றும் அதற்குத் தெரியாது. உங்கள் கவிதையை நகலெடுத்தவரும் தன் பங்குக்கு முத்திரையிட்டுக்கொள்ளலாம், முந்திக்கொண்டால் அவர் தேதியே முந்தியதாக இருக்கும். தேர்தல் முடிவு பற்றிப் பத்து விதமாக எழுதி பத்துக்கும் முத்திரையிட்டு, பலித்ததை மட்டும் எடுத்துக் காட்டுபவரையும் அது தடுக்காது. பிளாக்செயினில் ஏறிவிட்டது, ஆகவே உண்மை என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே அவரை நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும்.

இன்னொரு வரம்பும் உண்டு. முத்திரை “இதற்குப் பிந்தியதல்ல” என்று மட்டுமே நிறுவுகிறது, “இதற்கு முந்தியதல்ல” என்று நிறுவுவதில்லை. அந்த மறுபக்கமும் வேண்டுமென்றால், முன்கூட்டி யாரும் அறிந்திருக்க முடியாத ஏதேனும் ஒன்றைக் கோப்புக்குள் வைத்துவிட வேண்டும். பிளாக்செயினில் பரிவர்த்தனைகளைத் தொகுத்து ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கும் பிளாக்கைத்தான் கட்டம் என்கிறேன். பிட்காயினின் முதல் கட்டத்திலேயே இதற்கு எடுத்துக்காட்டு இருக்கிறது: 2009 ஜனவரி 3ஆம் தேதியிட்ட லண்டன் டைம்ஸ் இதழின் தலைப்புச் செய்தி அதற்குள் எழுதப்பட்டிருக்கிறது, அந்தச் செய்தி வருமுன் அந்தக் கட்டத்தை உருவாக்கியிருக்க முடியாது. நாமும் அதையே செய்யலாம். சுவரிலுள்ள கறையைப் படமெடுக்கும்போது அன்றைய நாளிதழின் முதல் பக்கத்தைக் கறைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு எடுங்கள். அன்றே முத்திரையும் இட்டுவிட்டால், நாளிதழ் ஒரு பக்கத்து எல்லையையும் பிளாக்செயின் மறுபக்கத்து எல்லையையும் தர, படம் பிறந்த நேரம் ஒரு நாளுக்குள் அடைபட்டுவிடும்; போலி செய்ய நினைப்பவருக்கும் அந்த ஒரு நாள்தான் கிடைக்கும்.

படி 1: மூலக்கோப்பைக் கையில் எடுப்பது

சான்று கோப்பின் பைட்டுகளுக்கு உரியது, கண்ணுக்குத் தெரியும் படத்துக்கு உரியதல்ல. வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டே போய்ச்சேரும். பார்க்க ஒன்றுபோலவே இருந்தாலும் ஹாஷ் வேறாகிவிடும். கேலரியில் படத்தைத் திருப்பிச் சேமித்துவிட்டு மறுபடி நேராக்கிச் சேமித்தாலும் இதே கதைதான். மேகச் சேமிப்பில் இடத்தை மிச்சப்படுத்தும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் அங்கிருந்து இறக்குவதும் மூலம் ஆகாது. ஆகவே கைப்பேசியைக் கேபிள் வழியாகக் கணினியில் இணைத்து, கேமரா கோப்புறையிலிருந்து (ஃபோல்டர்) கோப்புகளை நேராக நகலெடுங்கள். அவற்றைத் தனிக் கோப்புறையில் வைத்து, அந்தக் கோப்புறைக்குள் எதையும் திறந்து திருத்துவதில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வெட்டவோ வெளிச்சம் கூட்டவோ வேண்டுமென்றால் வேறிடத்தில் நகல் எடுத்துக்கொண்டு செய்யுங்கள். வேர்டு கோப்புகளுக்கு இன்னும் கூடுதல் கவனம் தேவை, ஏனென்றால் திறந்து மறுபடி சேமித்தாலே உள்ளிருக்கும் விவரங்கள் மாறிவிடக்கூடும். முடிவான வடிவத்தை பி.டி.எஃப் ஆக்கிவிட்டு அதற்கு முத்திரையிடுவது மேல்.

படி 2: ஹாஷ் எடுப்பது, பட்டியல் எழுதுவது

விண்டோஸ் கணினியில் பவர்ஷெல் என்ற கட்டளைச் சாளரத்தைத் திறந்து, கெட்-ஃபைல்ஹாஷ் என்ற கட்டளையை ஆங்கிலத்தில் இட்டு, ஓர் இடைவெளி விட்டு, கோப்பை இழுத்து அந்தச் சாளரத்தின் மீது போட்டு என்டர் அழுத்தினால் 64 குறிகளும் வந்துவிடும். முறை எதையும் குறிப்பிடாவிட்டால் அது எஸ்.எச்.ஏ-256 முறையையே பின்பற்றும். லினக்ஸில் இதற்கென ஷா256சம் என்ற கட்டளை இருக்கிறது.

ஒரே கோப்பு என்றால் நேராக அடுத்த படிக்குப் போகலாம். நாற்பது படங்கள் இருந்தால் நாற்பது முத்திரைகள் தேவையில்லை. ஒரு வெற்று உரைக்கோப்பைத் திறந்து, வரிக்கு ஒன்றாக ஒவ்வொரு படத்தின் பெயரையும் ஹாஷையும் எழுதி, மேலே இது எந்த வீடு, யார் எடுத்தது, என்று எடுத்தது, எதற்காக என்று நான்கு வரி சேர்த்துச் சேமியுங்கள். இந்த ஒரே உரைக்கோப்புக்கு முத்திரையிட்டால் பட்டியலிலுள்ள எல்லாப் படங்களுக்கும் அது பொருந்தும். பின்னாளில் ஒரு படத்தை மட்டும் காட்ட வேண்டி வந்தால் அந்தப் படத்தையும் பட்டியலையும் தந்தால் போதும். மற்றவற்றைத் திறந்து காட்ட வேண்டியதில்லை. என் அனுபவத்தில் இந்தப் பட்டியல்தான் முழு வேலையிலும் பயனுள்ள பகுதி, ஏனென்றால் இரண்டு வருடம் கழித்துப் பார்க்கும்போது எந்தப் படம் எந்தச் சுவர் என்று நமக்கே மறந்திருக்கும்.

இதை எழுதியது நீங்கள்தான் என்பதும் நிற்க வேண்டுமானால், பட்டியலில் மின்கையொப்பம் இட்டுவிட்டு அதன்பிறகு முத்திரையிடுங்கள். வரிசை மாறக் கூடாது: கையொப்பத்துக்குப் பின் விழும் முத்திரை, அந்தக் கையொப்பமும் அந்த நேரத்துக்குள் இருந்ததைச் சேர்த்து நிறுவும்.

படி 3: முத்திரையிடுவது

ஓப்பன்டைம்ஸ்டாம்ப்ஸ் தளத்தைத் திறந்தால் கோப்பை இழுத்துப் போடுவதற்கான பெட்டி ஒன்று தெரியும். பட்டியல் கோப்பை அதில் போட்டவுடன் ஹாஷ் உங்கள் உலாவிக்குள்ளேயே கணக்கிடப்படும். கோப்பு உங்கள் கணினியை விட்டு வெளியே போவதில்லை. சில நொடிகளில், அதே பெயருடன் ஓ.டி.எஸ். என்று முடியும் சிறிய கோப்பு ஒன்று இறங்கும். அதுதான் சான்றுக் கோப்பு. கட்டளைச் சாளரத்தில் பழக்கமுள்ளவர்கள் பைத்தான் மொழியில் எழுதப்பட்ட மென்பொருளை நிறுவிக்கொண்டு ஸ்டாம்ப் என்ற கட்டளையால் இதையே செய்யலாம்.

இந்தச் சில நொடிகளில் உங்கள் ஹாஷிலிருந்து உருவான மதிப்பு, வெவ்வேறு ஆட்கள் நடத்தும் காலண்டர் சர்வர்கள் சிலவற்றுக்குப் போய்ச் சேர்கிறது. அவை பலரிடமிருந்தும் வந்தவற்றை இரண்டிரண்டாக இணைத்து ஹாஷ் எடுத்து, அப்படிக் கிடைத்தவற்றை மறுபடி இரண்டிரண்டாக இணைத்து, கடைசியில் மிஞ்சும் ஒரே வரியைப் பிட்காயின் பரிவர்த்தனை ஒன்றுக்குள் வைக்கின்றன. இந்த மர அமைப்புக்கு அதை வகுத்த ரால்ஃப் மெர்க்கிலின் பெயரே வழங்குகிறது. பத்து லட்சம் கோப்புகள் சேர்ந்தாலும் ஒரு கோப்பிலிருந்து உச்சி வரை ஏற 20 படிகள் போதும், அந்தப் படிகளைத்தான் உங்கள் ஓ.டி.எஸ். கோப்பு சுமக்கிறது. 2017இல் இன்டர்நெட் ஆர்க்கைவின் சேகரத்திலிருந்து சுமார் 75 கோடிக் கோப்புகளின் ஹாஷ்களுக்கு இப்படித்தான் முத்திரையிட்டார்கள். ஒரே பரிவர்த்தனையின் கட்டணத்தை எல்லோருக்குமாகச் சேர்த்துக் கட்டினால் போதும் என்பதால்தான் உங்களிடம் காசு கேட்பதில்லை.

படி 4: காத்திருந்து, சான்றை முழுமையாக்குவது

இங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள். சான்றுக் கோப்பு கையில் கிடைத்தவுடன் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் அது ஒரு வாக்குறுதி மட்டுமே: உங்கள் ஹாஷை அடுத்த பரிவர்த்தனையில் சேர்க்கிறோம் என்று காலண்டர் சர்வர் சொன்ன சொல். பிட்காயினில் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு கட்டம் உருவானாலும், செலவைக் குறைப்பதற்காகச் சர்வர்கள் சேர்த்துவைத்து அனுப்புவதால் சில மணி நேரம் ஆகலாம். மறுநாள் முன்பு சொன்ன பைத்தான் மென்பொருளில் அப்கிரேட் என்ற கட்டளையைக் கொடுத்தால், பிட்காயின் கட்டம் வரையிலான மிச்சப் படிகள் இறங்கிச் சான்றுக் கோப்புக்குள் சேர்ந்துவிடும். அதன்பிறகு அந்தச் சர்வர்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்களுக்குக் கவலையில்லை.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டத்தில் பதியும் நேரம் வினாடி சுத்தமானது அல்ல. முந்தைய 11 கட்டங்களின் நடு நேரத்துக்குப் பிந்தியதாகவும், வலையமைப்பின் நேரத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் முந்தாததாகவும் இருந்தால் போதும் என்பதே விதி. எனவே இதை நாள் கணக்குக்குப் பயன்படுத்துங்கள்; ஏலத்தில் யார் முந்தினார் என்பது போன்ற நிமிடக் கணக்குக்கு இது உதவாது.

படி 5: பாதுகாப்பது, சரிபார்ப்பது

மூலக்கோப்புகள், பட்டியல், முழுமையான ஓ.டி.எஸ். கோப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் சான்று. கணினியில் ஒரு பிரதி, வெளி வன்தட்டில் ஒரு பிரதி, உங்கள் வீட்டில் இல்லாத ஓரிடத்தில் ஒரு பிரதி என்று வையுங்கள். பிளாக்செயின் உங்கள் கோப்பைப் பாதுகாப்பதில்லை. அங்கே இருப்பது பலருடைய ஹாஷ்கள் கலந்த ஒரு வரி மட்டுமே. மூலம் தொலைந்தால் முத்திரை எதற்கும் உதவாது, சான்றுக் கோப்பு தொலைந்தால் உங்கள் கோப்பை அந்த வரியோடு இணைத்துக் காட்ட வழி இருக்காது.

சரிபார்க்க விரும்புபவர், அவர் எதிர்த்தரப்பாகவே இருந்தாலும், அதே தளத்தில் சான்றுக் கோப்பையும் பட்டியலையும் போட்டால் எந்தக் கட்டம், எந்தத் தேதி என்று தெரியும். தளத்தையும் நம்ப மாட்டேன் என்பவர் பிட்காயின் பேரேட்டைத் தானே இறக்கிச் சரிபார்க்கும் பிட்காயின் கோர் மென்பொருளைத் தன் கணினியில் ஓட்டி, யாரையும் கேட்காமல் தானே சரிபார்க்கலாம். குவாதமாலாவின் 2023 பொதுத்தேர்தலில் வாக்கு எண்ணிக்கைப் படிவங்களின் கணினிப் பிரதிகளுக்கு இந்த முறையில்தான் முத்திரையிட்டார்கள். அதே ஆண்டு அரசு வழக்கறிஞர் அலுவலகத்தினர் தேர்தல் தீர்ப்பாயத்துக்குள் புகுந்து மூலப் படிவங்கள் இருந்த பெட்டிகளை எடுத்துச்சென்றார்கள். காகிதம் யார் கைக்குப் போனாலும், முத்திரை விழுந்த பிரதிகளில் எதையாவது மாற்றினால் அது வெளியே தெரியும் என்ற நிலை அதற்கு முன்பே ஏற்பட்டிருந்தது. இந்தத் தொழில்நுட்பத்தின் பயனை ஒருவருக்குச் சொல்ல வேண்டி வந்தால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நீதிமன்றம் வரை போனால்

இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியம், 2023 சட்டத்தின் 63ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளைப் பற்றிப் பேசுகிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின் இடத்தில் வந்தது அது. அந்தப் பிரிவின் கீழ் தர வேண்டிய சான்றிதழின் படிவம் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. அதில் ஒரு பகுதியைப் பதிவைத் தாக்கல் செய்பவரும் மறுபகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். கோப்பின் ஹாஷையும் எந்த முறையில் எடுத்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். படி 2இல் எழுதிய பட்டியல் அப்போது கைகொடுக்கும். ஆனால் பிளாக்செயின் முத்திரை அந்தச் சான்றிதழுக்கு மாற்று அல்ல. மின்னணு நகலைத் தாக்கல் செய்யச் சான்றிதழ் கட்டாயம் என்று பழைய பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாகச் சொன்னது. மூலக் கருவியையே கொண்டுவந்து நிறுத்தினால் அது தேவையில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஆகவே வழக்குக்குப் போகக்கூடிய விவகாரம் என்று தோன்றினால், படமெடுத்த கைப்பேசியை விற்கவோ அழித்துச் சுத்தம் செய்யவோ வேண்டாம். வழக்கறிஞரிடம் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள்.

செய்யக் கூடாதவை

ஆதார் எண், கைப்பேசி எண் போன்றவற்றின் ஹாஷைப் பொதுச் சங்கிலியில் ஏற்றாதீர்கள். ஆதார் எண்ணில் இருப்பது 12 இலக்கங்கள். அத்தனை எண்களுக்கும் ஹாஷ் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றைய கணினிக்குப் பெரிய வேலையே இல்லை. ஓப்பன்டைம்ஸ்டாம்ப்ஸ் தன் பங்குக்கு ஓர் இரகசிய எண்ணைச் சேர்த்தே ஹாஷை வெளியே அனுப்புகிறது, ஆனால் எல்லாச் சேவைகளும் அப்படிச் செய்வதில்லை. கோப்பையே பதிவேற்றச் சொல்லும் சேவையும், டோக்கன் (சேவை வெளியிடும் மின்னணு நாணயம்) வாங்கினால்தான் சான்று என்று சொல்லும் சேவையும் இந்த வேலைக்கு வேண்டாதவை. ஒரே நிறுவனம் எல்லாக் கணினிகளையும் தன் கையில் வைத்துக்கொண்டு நடத்தும் “பிளாக்செயின்” வெறும் தரவுத்தளம்தான். பழைய தேதியில் ஒன்றைச் செருக அந்த நிறுவனத்தால் முடியுமா என்று கேளுங்கள், முடியும் என்றால் விலகிவிடுங்கள்.

பிளாக்செயினே தேவைப்படாத இடங்களும் பல. டிஜிலாக்கரில் கிடைக்கும் ஆவணத்துக்கு அதை வழங்கிய அமைப்பே பொறுப்பு, பதிவு செய்யப்பட்ட பத்திரத்துக்குப் பதிவுத்துறையின் ஏடே சாட்சி. எதிர்த்தரப்பு நியாயமானவர் என்றால், படங்களை அன்றே அவருக்கு மின்னஞ்சலில் அனுப்பி “கிடைத்தது” என்று ஒரு பதில் வாங்கிவிடுவதே பெரும்பாலும் போதும். முத்திரையும் மின்னஞ்சலும் சேர்ந்திருப்பது இன்னும் பலம்.

இப்போது இருக்கும் வீட்டுக்குக் குடிவந்தபோது, சாமான்களை இறக்குமுன் அன்றைய நாளிதழைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் போனேன். குளியலறையில் விரிசல் விட்ட ஓடு, பால்கனிக் கதவில் கழன்ற தாழ்ப்பாள், படுக்கையறைச் சுவரில் ஆணி அடித்த ஏழு துளைகள் எனப் படங்கள் 31 ஆயின. பட்டியல் எழுதி, முத்திரையிட்டு, அன்று இரவே பட்டியலையும் படங்களையும் புதிய உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். மறுநாள் காலை சான்று முழுமையானதும் ஓ.டி.எஸ். கோப்பையும் அதே மின்னஞ்சல் தொடரில் சேர்த்தேன். தாழ்ப்பாளைச் சரிசெய்ய அந்த வாரமே தச்சரை அனுப்பிவைத்தார்.